இருளிலும் விடாத பிடி: அதோனிராம் ஜட்சனின் வாழ்வு

நாம் படித்த காலத்தில் காலை ஆராதனையில் மிஷனரிமாரின் கதை சொல்லப்படாத தவணை இல்லை. லிவிங்ஸ்ரன், கேரி, ஏமி கார்மைக்கேல் என்று வரிசையாக வருவார்கள். அந்த வரிசையில் பர்மாவுக்குப் போன அதோனிராம் ஜட்சனும் உண்டு. சிறையில் தலையணைக்குள் வேதாகமத்தை ஒளித்து வைத்தவர் என்ற அளவில் அவரை நம்மில் அநேகருக்கு நினைவிருக்கும். அந்தத் தலையணைக் கதை உண்மைதான். அதற்குப் பிறகு வருவோம். ஆனால், சிறையிலிருந்து வெளியே வந்தபின் அவருக்கு நடந்தது நமக்குச் சொல்லப்படவில்லை. தலையணை கிடைத்தது, வேதாகமம் அச்சாகியது, ஆயிரக்கணக்கானோர் விசுவாசிகளானார்கள் என்று கதை முடிந்துவிடும். இடையில் அந்த மனிதர் காட்டோரம் ஒரு குடிசை போட்டு, தனக்கென்று ஒரு புதைகுழியைத் தோண்டி, அதன் விளிம்பில் உட்கார்ந்திருந்தார் என்பதை யாரும் சொல்லவில்லை. சிறு பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல என்று ஆசிரியைமார் நினைத்திருக்கலாம். நாம் இப்போது சிறு பிள்ளைகள் அல்ல.

அவருடைய கதையும் நம் குடாநாட்டுப் பள்ளிக்கூடங்களின் கதையும் ஒரே கப்பலில் தொடங்குகின்றன. 1812 பெப்ரவரி 19 இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள சேலம் என்ற துறைமுகத்திலிருந்து (தமிழ்நாட்டுச் சேலம் அல்ல) கரவான் என்ற கப்பல் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. அதில் இரண்டு இளந்தம்பதியர் இருந்தனர். ஒருவர் ஜட்சனும் அவர் மனைவி ஆனும். மற்றவர் சாமுவேல் நியூவெலும் அவர் மனைவி ஹரியற்றும். ஜட்சனுக்கு 23 வயது, ஆனுக்கு 22. அவர்களுக்குக் கலியாணமாகி இரண்டு வாரம்தான். ஹரியற்றுக்கு 18. அமெரிக்க மிஷன் சங்கம் கடல் கடந்து அனுப்பிய முதல் கூட்டம் இதுதான். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பனி அவர்களைத் தங்கவிடவில்லை. மொறீசியஸ் தீவுக்குப் போன நியூவெல் தம்பதியர் வழியில் பிறந்த குழந்தையைப் பறிகொடுத்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 30 இல் ஹரியற்றும் 19 வயதில் அத்தீவிலேயே கண்ணை மூடினார். தனித்துப்போன நியூவெல் 1813 இல் இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தைப் பற்றி அவர் தம் சங்கத்துக்கு நல்லபடி எழுதியிராவிட்டால், 1816 இல் அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழைக்கும் வட்டுக்கோட்டைக்கும் வந்திருப்பார்களோ தெரியாது. 1824 இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியதும் அந்த வருகையின் தொடர்ச்சிதான். அதே 1824 இல் கப்பலின் மற்றப் பயணி ஆவா நகரத்துச் சிறையில் காலில் விலங்கோடு கிடந்தார்.

ஜட்சன் 1788 ஓகஸ்ட் 9 இல் ஒரு போதகரின் மூத்த மகனாகப் பிறந்தவர். பிரவுண் பல்கலைக்கழகத்தில் தன் வகுப்பில் முதலாவதாகத் தேறினார். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு வரும் கர்வமும் வந்தது. அங்கே ஒரு நண்பனின் பேச்சைக் கேட்டுத் தகப்பனின் விசுவாசத்தையே விட்டுவிட்டார். பின்பு ஊர் சுற்றப் போனபோது, ஒரு சத்திரத்தில் பக்கத்து அறையில் இரவு முழுக்க ஒருவர் முனகிக்கொண்டு கிடந்ததாகவும், விடிந்தபின் விசாரித்தால் இறந்துபோனது அந்த நண்பனே என்று தெரிந்ததாகவும் அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்வார்கள். எப்படியோ, 1808 இல் அன்டோவர் இறையியல் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்குதான் கீழைநாடுகளுக்குப் போகும் எண்ணம் உறுதியாயிற்று.

கப்பலிலேயே முதல் சிக்கல் தொடங்கியது. ஞானஸ்நானம் பற்றிக் கிரேக்க மூலத்தை ஆராய்ந்துகொண்டு வந்தவருக்கு, தன் சபை செய்துவந்தது சரியல்ல என்று பட்டது. கல்கத்தாவில் இறங்கியபின், 1812 செப்டெம்பரில், முழுக்கு ஞானஸ்நானம் பெற்றார், ஆனும் பெற்றார். அதன் பொருள் என்னவென்றால், அனுப்பிய சங்கத்தோடு உறவு முடிந்தது, சம்பளம் முடிந்தது, கூட வந்த நண்பர்களோடு ஒரே இடத்தில் வேலை செய்வதும் முடிந்தது. அமெரிக்கப் பப்ரிஸ்ற் சபையார் அவர்களைப் பொறுப்பேற்கும் வரை கையில் நிச்சயமாக எதுவும் இல்லை. கம்பனி நாடுகடத்த முனைய, மொறீசியஸுக்கு ஓடி, அங்கிருந்து சென்னைக்கு வந்து, அங்கும் பிடிபடப் பயந்து, துறைமுகத்தில் புறப்படத் தயாராக நின்ற ஒரு பழைய கப்பலில் ஏறினார்கள். அது இரங்கூனுக்குப் போகும் கப்பல். ஆன் அம்மையார் அந்தக் கப்பலிலேயே முதற்பிள்ளையைப் பெற்றார். அது உயிரோடு பிறக்கவில்லை. 1813 ஜூலை 13 இல் இரங்கூனில் இறங்கியபோது அவரால் நடக்கவும் முடியவில்லை.

பிறகு வந்தவை வேலை மட்டுமே உள்ள ஆண்டுகள். பர்மிய மொழிக்கு ஒழுங்கான அகராதியோ இலக்கணமோ அவர்கள் கையில் இல்லை. நம் ஏட்டுச்சுவடிகளைப் போல ஓலையில், சொல்லுக்குச் சொல் இடைவெளி விடாமல் எழுதிய எழுத்து. ஒரு பண்டிதரை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் படித்தார்கள். 1815 செப்டெம்பரில் றோஜர் என்ற மகன் பிறந்தான். எட்டு மாதத்தில் காய்ச்சலால் இறந்தான். அதே ஆண்டில் ஜட்சனுக்குக் கண்ணிலும் தலையிலும் தாங்க முடியாத வலி வந்து வாசிக்க முடியாமற் போயிற்று. 1817 கடைசியில் துணைக்கு ஆள் தேடிச் சிற்றகொங்குக்குக் கப்பலேறினார். காற்று அக்கப்பலை எதிர்ப்புறமாகத் தள்ளிக்கொண்டுபோய் மசூலிப்பட்டினத்தில் விட்டது. தரைவழியே சென்னைக்கு வந்து, திரும்பிப் போகக் கப்பல் கிடையாமல் 1818 இன் நடுப்பகுதி வரை அங்கேயே அடைபட்டுக் கிடந்தார். இரங்கூனில் ஆனுக்குப் பல மாதம் ஒரு செய்தியும் இல்லை. ஊரில் பேதி நோய், போர் வரப்போகிறதென்ற வதந்தி. மற்ற மிஷனரிக் குடும்பம் கப்பலேறியது. ஆனும் அவர்களோடு ஏறி, பிறகு மனம் கேளாமல் இறங்கித் தனியே வீட்டுக்குத் திரும்பிவிட்டார். கணவர் சில நாட்களில் வந்து சேர்ந்தார். அவர் வராமலே போயிருந்தால் இதைப் பிடிவாதம் என்று எழுதியிருப்பார்கள்.

இத்தனைக்கும் பிறகு, வந்து ஆறு ஆண்டு ஆகியும் ஒருவர்கூட விசுவாசியாகவில்லை. ஊரிலுள்ளவர்கள் சலித்துப்போனார்களா என்ற கவலை கடிதங்களில் தெரிகிறது. பலன் எங்கே என்று கேட்போருக்கு அவர் எழுதிய மறுமொழியின் சாரம்: எங்களுக்காகத் தங்கள் அப்பத்தைச் செலவழிக்க விருப்பமில்லாவிட்டால் எங்களை இங்கே விட்டுவிடட்டும், இருபது முப்பது ஆண்டு கழித்து எங்களைப் பற்றிக் கேள்விப்படுவார்கள். 1819 இல் வீதியோரம் ஒரு சயாத் கட்டினார். நம் ஊர்த் தெரு மடங்களைப் போன்றதுதான் அது. போகிறவர் வருகிறவர் இருந்து இளைப்பாறிப் பேசலாம். அவ்வாண்டு ஜூன் 27 இல் மவுங் நௌ என்ற ஏழைத் தொழிலாளி முதலாவதாக ஞானஸ்நானம் பெற்றார். அடுத்த ஆண்டு அரசனின் அனுமதி கேட்டு ஐராவதி ஆற்றில் ஏறிப் போனார்கள். பொன்தகடு பூசிய வேதாகமத்தைக் காணிக்கையாகக் கொடுத்தார்கள். பாகிடோ மன்னர் துண்டுப்பிரசுரத்தின் முதல் வரிகளை வாசித்துவிட்டுக் கீழே போட்டுவிட்டார். இனி இரங்கூனில் இருப்பது விசுவாசிகளுக்கே ஆபத்து என்று ஜட்சன் வேறிடம் போக நினைத்தபோது, அந்தச் சொற்பப் பேர்தான், சிறு சபையாகும் அளவுக்காவது ஆட்கள் சேரும்வரை இருக்கும்படி அவரைப் பிடித்து நிறுத்தினார்கள். பத்தாண்டு முடிவில் அவர்கள் தொகை 18. புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பும் 1823 இல் முடிந்தது.

1824 இல் ஆங்கிலேயருக்கும் பர்மியருக்கும் போர் மூண்டது. அப்போது ஜட்சன் தம்பதியர் தலைநகரான ஆவாவில் இருந்தார்கள். ஜட்சன் அமெரிக்கர்தான், ஆனால் அவருக்கு வரவேண்டிய பணம் ஓர் ஆங்கில வியாபாரி மூலம் கைமாறியிருந்தது. ஒற்றன் என்று சந்தேகிக்க அது போதும். ஜூன் 8 அன்று மாலைச் சாப்பாட்டு நேரத்தில் ஆட்கள் வந்து, கயிற்றால் முழங்கைகளை இறுக்கிக் கட்டி இழுத்துப் போனார்கள். கண்வைத்தியத்துக்காக அரசன் விரும்பி அழைத்திருந்த மிஷனரி வைத்தியர் பிறைஸும் தப்பவில்லை.

அந்தச் சிறையின் பர்மியப் பெயருக்குக் கை தயங்காதே என்பது போன்ற பொருள். மூன்று சோடி கால்விலங்கு. இரவில் ஒரு மூங்கிலைக் கைதிகளின் கால்களுக்கிடையே செருகிக் கப்பியால் மேலே தூக்குவார்கள். தோளும் தலையும் மட்டும் நிலத்தில் படும். வெளியே கொலைக்களத்துக்கு அழைத்துப் போகும் நேரம் பிற்பகல் மூன்று மணி. யாருடைய பெயர் என்று தெரியாமல் எல்லோரும் அந்த மணிக்காகக் காத்திருப்பார்கள். பிறகொரு கோடையில் ஐந்து சோடி விலங்கிட்டு, காற்றுப் புகாத உள்ளறையில் நூற்றுக்கு மேற்பட்டோரோடு அடைத்தார்கள்.

வெளியே நின்றவர் ஆன். அவர் அப்போது கர்ப்பிணி. அதிகாரி வீட்டு வாசலில் நாள்தோறும் நின்றார். வெள்ளிப் பாத்திரத்தையும் துணியையும் கைலஞ்சமாகக் கொடுத்தார். சோறு சமைத்துக் கொண்டுபோனார். ஊர்ச் சாப்பாட்டுக்குக் கணவர் ஏங்குவார் என்று எருமை இறைச்சியும் வாழைப்பழமும் வைத்து அமெரிக்கப் பண்டம் போல ஒன்றைச் செய்து அனுப்ப, ஜட்சனால் அதைச் சாப்பிட முடியவில்லை. முழங்காலில் தலையை வைத்து அழுதார். சிறைவாசல்களில் பார்சலோடு காத்து நின்ற அம்மாமாரும் மனைவிமாரும் நம் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். ஆனுடைய அந்த மாதங்களை நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

மொழிபெயர்ப்பின் கையெழுத்துப் பிரதியை ஆன் முதலில் வீட்டு வளவில் புதைத்து வைத்திருந்தார். மழைக்காலம் வந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும் என்று எடுத்து, யாரும் ஆசைப்பட்டுப் பறிக்காத அளவுக்குக் கரடுமுரடான ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்துச் சிறைக்கு அனுப்பினார். கைதிகளை வேறிடத்துக்கு மாற்றியபோது காவலர் மேலுறைப் பாயை உரித்தெடுத்துக்கொண்டு, உள்ளிருந்த பஞ்சுப் பொதியை எறிந்துவிட்டார்கள். ஆசானின் நினைவாக இருக்கட்டும் என்று அதைப் பொறுக்கிக்கொண்டுபோய் வைத்தவர் மவுங் இங் என்ற சீடர். உள்ளே என்ன இருந்ததென்று அவருக்குத் தெரியாது. மாதங்கள் கழித்துத் திறந்தபோது ஒரு தாளும் கெடாமல் இருந்தது. இதுதான் நாம் கேட்ட தலையணைக் கதை.

மாற்றிய இடம் அவுங்பின்லே. 1825 மே மாத வெயிலில், சுடுமணலில் வெறுங்காலோடு அவர்களை நடத்திப் போனார்கள். ஜட்சனின் உள்ளங்கால் தோல் உரிந்து வழியெல்லாம் இரத்தம். பாலத்தைக் கடக்கும்போது குதித்துச் சாகலாமா என்று ஒரு கணம் தோன்றியதாகப் பிறகு சொன்னார். கூட வந்த வங்காளி வேலைக்காரர் ஒருவர் தன் தலைப்பாகையை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியைத் தன் எசமானுக்கும் மறுபாதியை ஜட்சனுக்கும் காலில் சுற்றக் கொடுத்து, ஜட்சனைத் தோளில் தாங்கிக் கூட்டிப் போனார். அவருடைய பெயர் எந்த வரலாற்றிலும் பெரிதாக வரவில்லை.

ஆன் மூன்று மாதக் கைக்குழந்தையோடு பின்னாலேயே போனார். ஜனவரியில் பிறந்த அந்தப் பிள்ளையின் பெயர் மரியா. அங்கே பெரியம்மை வந்தது. ஆன் கூட இருந்த பிள்ளைகளுக்கு அக்கால முறைப்படி அம்மைப்பால் குத்தினார். மரியாவுக்கு அது பிடிக்கவில்லை, அம்மைதான் வந்தது. தடுப்பூசி அட்டையைப் பார்த்துப் பிள்ளையைத் திருப்பி அனுப்பும் நம் காலத்து வைத்தியர்களுக்கு அந்தத் தாயின் நிலையை எண்ணவே மனம் கூசும். பிறகு ஆனும் கடும் நோயில் விழுந்து, பால் வற்றிவிட்டது. காவலர்களுக்குப் பரிசு கொடுத்து, ஜட்சன் தினமும் சிறிது நேரம் வெளியே வர அனுமதி பெற்றார். காலில் விலங்கோடு, அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கிராமத்தில் பால்கொடுக்கும் தாய்மாரின் வாசல்தோறும் போய் நின்றார். அவர்களும் கொடுத்தார்கள். எதிரி என்று அடைத்து வைக்கப்பட்டவனின் பிள்ளைக்கு.

மொத்தம் 17 மாதச் சிறைவாசம். சமாதானப் பேச்சுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டதால் வெளியே விட்டார்கள். 1826 பெப்ரவரியில் யாண்டபோ உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. குடும்பம் தப்பிவிட்டது. ஆங்கிலேயர் புதிதாக அமைத்த அம்ஹேர்ஸ்ற் என்ற ஊரில் குடியேறினார்கள். மதச் சுதந்திரம் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் பெறலாம் என்ற நம்பிக்கையில், மனைவியையும் பிள்ளையையும் அங்கே விட்டுவிட்டு, ஆங்கிலத் தூதரோடு ஜட்சன் மறுபடியும் ஆவாவுக்குப் போனார். அந்த வாசகம் கிடைக்கவில்லை. நவம்பரில் கறுப்பு முத்திரையிட்ட ஒரு கடிதம் வந்தது. கொண்டு வந்தவர் குழந்தை போய்விட்டது என்று நினைத்து ஆறுதல் சொல்லிக் கொடுத்தார். பிரித்தால், ஒக்ரோபர் 24 இல் இறந்தது ஆன். அவருக்கு 36 வயது. திரும்பி வந்த தகப்பனின் கையில் மரியா ஆறு மாதத்துக்குள் இறந்தாள். இரண்டு வயதும் மூன்று மாதமும். ஊரிலிருந்து தகப்பனின் மரணச் செய்தி வந்தது. அம்ஹேர்ஸ்ற்றும் நிலைக்கவில்லை, எல்லோரும் மௌல்மீனுக்குப் போய்விட, தாயினதும் மகளினதும் கல்லறைகள் அங்கே மிஞ்சின.

நமக்குச் சொல்லாமல் விட்ட பகுதி இங்கிருந்து தொடங்குகிறது. சிறையில் உடையாத மனிதர் விடுதலைக்குப் பின்பு உடைந்தார். வைத்தியத் தொழிலில் இருக்கும் நமக்கு இது புதினமல்ல. குண்டு விழும் நாட்களில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடி, முகாமில் வரிசையில் நின்று, எல்லாவற்றையும் சமாளித்த தாய்மார், வீடு திரும்பிக் கூரை போட்டு ஓராண்டு கழிந்தபின்தான் நித்திரையில்லை, சாப்பாடு மனமில்லை, ஜெபிக்க வாய் வருவதில்லை என்று நம் முன்னால் வந்து உட்காருகிறார்கள். ஜட்சனுக்குக் குற்ற உணர்வும் சேர்ந்தது. தேவையில்லாத பயணம் போய் மனைவியைத் தனியே சாகவிட்டோம் என்று தன்னைக் குறைசொன்னார். தன்னுடைய பெயராசைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று முடிவுகட்டி, பிரவுண் பல்கலைக்கழகம் தந்த கலாநிதிப் பட்டத்தை வேண்டாமென்று எழுதினார். தன்னைப் புகழும் கடிதங்களை அழித்தார். சொந்தச் சேமிப்பை மிஷனுக்குக் கொடுத்தார். கூட்டங்களையும் விருந்துகளையும் விட்டார். 1828 ஒக்ரோபர் 24 இல், ஆன் இறந்த இரண்டாம் ஆண்டு நாளில், மௌல்மீனுக்கு வெளியே புலி நடமாடும் காட்டோரத்துக் குடிசையில் குடியேறினார். புதைகுழி தோண்டியது இக்காலத்தில்தான். அதன் ஓரத்தில் இருந்து, உடல் அழிவதைத் தியானித்தார். மூன்றாம் ஆண்டு நாளில் ஆனின் உறவினருக்கு எழுதிய கடிதத்தில், கடவுள் தனக்கு அறியப்படாதவராகிவிட்டார் என்றும், அவரை விசுவாசிப்பதாகவும், ஆனால் கண்டடையவில்லை என்றும் குறிப்பிட்டார்.

இதைத் துறவு என்று சிலர் புகழ்ந்திருக்கிறார்கள். விசுவாசத் தளர்ச்சி என்று சிலர் மறைத்திருக்கிறார்கள். இரண்டும் நமக்கு ஒப்புதலில்லை. குழிக்கருகே இருந்தது கடும் மனச்சோர்வு. நம் வெளிநோயாளர் பிரிவுக்கு இப்படியொருவர் வந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பமாட்டோம். அந்தக் கடிதத்தில் நாம் பார்க்கவேண்டியது வேறொன்று. கண்டடையவில்லை என்று எழுதியவர், விசுவாசிக்கிறேன் என்ற சொல்லையும் அதே வாக்கியத்தில் விட்டுவைத்தார். உணர்வு முழுவதும் வற்றிய பிறகும் அந்தச் சொல்லை அவர் எடுத்துவிடவில்லை. துக்கத்தில் இருப்பவர்களிடம், உமக்கு விசுவாசம் போதாது, அதனால்தான் இந்தப் பாரம் என்று சொல்லும் பழக்கம் நம் சபைகளில் இன்னும் போகவில்லை. பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கும் தாயிடமும் அதைச் சொன்னவர்கள் உண்டு. அப்படிச் சொல்பவர்கள் ஜட்சனின் பெயரைப் பிரசங்கத்தில் எடுப்பதற்கு முன் இந்த இரண்டு ஆண்டையும் வாசிக்கவேண்டும்.

அவர் எப்படி மீண்டார் என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. ஒரு நாளில் நடந்ததல்ல. பர்மிய விசுவாசிகள் அவரைக் கைவிடவில்லை. 1829 இல் அமெரிக்காவில் இறந்த தம்பி எல்நாதன், நீண்டகாலம் விசுவாசமில்லாமலிருந்து கடைசியில் நம்பிக்கையோடு போனார் என்ற செய்தி, சாவுச் செய்தியாக இருந்தும், அவரை ஆற்றியதாகத் தெரிகிறது. அந்த ஆண்டுகளிலும் அவர் மொழிபெயர்ப்பை முற்றாக நிறுத்தவில்லை. ஜெபிக்க முடியாத மனிதர் சங்கீதங்களைப் பர்மிய மொழியில் எழுதிக்கொண்டிருந்தார். புலம்பலுக்குச் சொல் தேடியவருக்கு அந்த வேலையே மருந்தாக இருந்திருக்கும் என்று நமக்குப் படுகிறது. 1830 இல் புரோம் நகருக்குப் புறப்பட்டு மாதக்கணக்கில் பிரசங்கித்தார். அங்கும் தோல்விதான், வெளியேறச் சொன்னார்கள். ஆனால் இம்முறை அவர் குடிசைக்குத் திரும்பவில்லை. 1831 இல் இரங்கூன் ஷ்வேடகோன் திருவிழாவுக்கு வந்தவர்களுக்கு ஆயிரக்கணக்கில் துண்டுப்பிரசுரம் கொடுத்துத் தீராமல், மேலும் அச்சடிக்கச் சொல்லி எழுதினார். 1834 ஜனவரி 31 இல் பழைய ஏற்பாட்டின் கடைசித் தாளையும் முடித்தார். இரங்கூனில் இறங்கி இருபது ஆண்டுக்கு மேலாகியிருந்தது.

பலன் வந்ததும் அவர் பார்த்துக்கொண்டிருந்த திசையிலிருந்து அல்ல. கோ தா பியூ என்ற கரேன் இனத்தவர், முன்பு கொள்ளையடித்து ஆட்களைக் கொன்றவர், கடனுக்கு அடிமைப்பட்டிருந்தவர். அவரை மீட்டு வீட்டில் வைத்துப் படிப்பித்தபோது பெரிய எதிர்பார்ப்பு ஒன்றும் இருந்திராது. 1828 இல் தவோயில் ஜோர்ஜ் போர்ட்மனிடம் ஞானஸ்நானம் பெற்ற அவர், மலைக்கிராமங்களுக்குப் போய்த் தன் சனங்களிடம் பேசினார். கரேன் மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். போர்ட்மன் 1831 இல் கசநோயால் இறந்தார். அவருடைய விதவை சாரா ஊருக்குத் திரும்பாமல், கரேன் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடங்களை நடத்திக்கொண்டு அங்கேயே இருந்தார். 1834 இல் ஜட்சன் மணந்தது இவரைத்தான். மோட்சப் பிரயாணத்தைப் பர்மிய மொழியில் தந்தவர் சாரா. எட்டுப் பிள்ளைகளில் மூவரை இழந்தார்கள். 1845 இல் சாராவின் உடல்நிலைக்காக அமெரிக்காவுக்குப் புறப்பட்டார்கள். செப்டெம்பர் 1 இல் சென் ஹெலினாத் தீவில் சாரா அடங்கினார். அன்று மாலையே கப்பல் புறப்பட்டது.

33 ஆண்டுக்குப் பின் தாய்நாட்டில் கால்வைத்தவரைப் பார்க்கக் கூட்டம் திரண்டது. அவர் குரல் போயிருந்தது. முணுமுணுப்பதை இன்னொருவர் உரத்துச் சொல்லவேண்டியிருந்தது. சிறைக் கதையைக் கேட்க வந்தவர்களுக்கு அவர் இரட்சகரைப் பற்றி மட்டும் பேசியதில் ஏமாற்றம். அங்கே எமிலி சபக் என்ற எழுத்தாளரை மணந்து, 1846 இல் மீண்டும் பர்மாவுக்கு வந்து, அகராதி வேலையில் இருந்தார். 1849 கடைசியில் விழுந்த நோய் எழும்பவிடவில்லை. கடற்காற்றுக்கென்று ஒரு பிரெஞ்சுக் கப்பலில் ஏற்றினார்கள். கர்ப்பிணியான எமிலியால் கூடப் போக முடியவில்லை. 1850 ஏப்ரல் 12 இல், 61 வயதில், வங்காள விரிகுடாவில் காலமானார். ஆராதனை நடத்தக் கப்பலில் யாருமில்லை. உடலைக் கடலில் இறக்கினார்கள். அவர் பெயரில் ஒரு கல்லறை இல்லை. பத்து நாளில் எமிலிக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. கணவர் போய்விட்டார் என்ற செய்தி ஓகஸ்ட் கடைசியில்தான் மௌல்மீனுக்கு வந்தது.

எமிலி 1851 இல் பிள்ளைகளோடு அமெரிக்காவுக்குத் திரும்பினார். அவருக்கும் கசநோய் பிடித்திருந்தது. ஜட்சன் தன் பழைய கடிதங்களை அழித்தவர். ஆவாவில் கைதான அன்று ஆனும் தாள்களை எரித்திருந்தார். மிஞ்சியவற்றை உறவினரிடமும் நண்பர்களிடமும் கேட்டுச் சேர்த்து, வரலாறு எழுத முன்வந்த வேலண்ட் என்ற பேராசிரியருக்கு எமிலி ஒழுங்குபடுத்திக் கொடுத்தார். சிறையில் நடந்தவற்றைக் கணவரின் தம்பிக்கு ஆன் எழுதிய நீண்ட கடிதம் அதில் உண்டு. கடவுளைக் கண்டடையவில்லை என்ற கடிதமும் உண்டு. கணவரின் புகழுக்கு இழுக்கு என்று அதை எடுத்து ஒதுக்கியிருக்கலாம், எமிலி ஒதுக்கவில்லை. நூல் 1853 இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு ஜூன் 1 இல் எமிலி 36 வயதில் இறந்தார்.